வண்டல் நமக்கு, களி வேளாருக்கு

போன மாசியில் நம் மாவட்டக் கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, "அடுத்த தடவை ஒரு நாள் மண்பாண்டப் பயிற்சி வைக்கலாமே, நல்ல பொழுதுபோக்கா இருக்கும், பிள்ளைகளும் ஆசையா வருவாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதுகிறேன். பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 64 வயதில் வாரம் இரண்டு நாள் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மண்ணோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். அதனாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

வங்கியில் 35 வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சேரன்மகாதேவி பக்கம் அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கருக்கு வந்தேன். இயற்கை விவசாயத்தின் முதல் இரண்டு வருடம் எப்படிப் போகும் என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வருடம் கொஞ்சம் மூச்சு விட்டதும், "சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு கைவேலை பழகுங்கப்பா, மனசுக்கு நல்லது" என்று சென்னையில் இருக்கும் மகள் சொன்னாள். அவள் அங்கே ஒரு வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். குளிர்சாதன அறை, மின்சக்கரம், பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய களிமண். ஒரு சின்னக் கிண்ணம் செய்து படம் அனுப்பியிருந்தாள். அழகாகவே இருந்தது. நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கணினி பார்க்கிற பிள்ளை, இரண்டு மணி நேரம் மண்ணைத் தொட்டதே பெரிய காரியம்.

எனக்கு அந்த 1,500 ரூபாய் தேவைப்படவில்லை. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரிலேயே வேளார் தெரு இருக்கிறது. பக்கத்தில் காருகுறிச்சி என்றால் மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு காலத்தில் தெரு முழுக்கச் சக்கரம் சுற்றியதாம். இப்போது மூன்றே வீடு. அதில் ஒரு வீட்டு அண்ணாச்சிக்கு 70 வயது தாண்டியிருக்கும். போய்க் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேனேஜர் சாருக்கு எதுக்கு இந்தச் சோலி? பானை வேணும்னா சொல்லுங்க, செஞ்சு தாரேன்."

"இல்ல அண்ணாச்சி, கத்துக்கிடணும்."

"எம் மவனே கத்துக்கிட மாட்டேன்னுட்டான். சரி வாங்க. மொதல்ல மண்ணு மிதிங்க."

மூன்று வாரம் மண் மட்டும்தான் மிதித்தேன். சக்கரத்தைத் தொட விடவில்லை. மிதிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குதிகாலால் நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும், பிறகு மடித்துப் போட்டு மறுபடியும். காலில் ஏதாவது உறுத்தினால் நின்று எடுக்க வேண்டும். அதிலும் சுக்கான் கல். மிளகு அளவு ஒரு சுக்கான் உள்ளே இருந்துவிட்டால் பானை சூளையில் நன்றாகத்தான் வேகும், தட்டினால் கணீரென்று சத்தம் வரும். விற்று, வீட்டுக்குப் போய், நாலு நாள் கழித்து ஈரம் குடித்ததும் அந்தச் சுக்கான் பொங்கி, பானையின் பக்கத்தில் ஒரு சில்லு தெறித்து விழும். வெந்த சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் பொங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை என் குதிகால் 60 வயதுக்குமேல் தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு சக்கரம். அண்ணாச்சியிடம் இருப்பது கோல் விட்டுச் சுழற்றுகிற பழைய சக்கரம். ஓட்டம் குறைவதற்குள் வேலை முடிய வேண்டும். மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அசையாமல் நிறுத்தவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஏழு மாதத்தில் அகல் விளக்கு செய்வேன், சின்னக் கலயம் செய்வேன், மூடி செய்வேன். பானை இன்னும் வரவில்லை. இனி வருமா என்பதும் சந்தேகம்தான். முட்டி ஒத்துழைக்கவில்லை.

பானை செய்வதைப் பார்த்தால் தெரியும், அது ஏன் எளிதில் வராது என்று. நாம் நினைக்கிற மாதிரி உருண்டை அடியோடு அது சக்கரத்திலிருந்து இறங்குவதில்லை. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில் உருவாகும். அடி திறந்தே இருக்கும். கொஞ்சம் காய்ந்து இறுகினதும் மடியில் வைத்து, உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல், வெளியே ஒரு கையில் மரத் தட்டு. தட்டித் தட்டியே கனத்த பக்கத்தை மெலிய வைத்து இழுத்து, அடியை மூடுவார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் தட்டுகிறார்கள். அண்ணாச்சி வீட்டு மதினி தட்டும்போது கண் வேறு எங்கோ இருக்கும், வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்குப் பானையை ஒரே கனத்துக்குக் கொண்டுவந்துவிடும். நான் தட்டினால் இரண்டு ஓட்டை.

இந்தச் சுகத்தை யாருக்கும் மறுக்க மாட்டேன். மண் கையில் சொன்னபடி கேட்கிற அந்த ஒரு நிமிஷத்தில் ரத்தக்கொதிப்பு, மருமகன் பிரச்சினை, மோட்டார் ரிப்பேர் எதுவும் ஞாபகத்தில் இருக்காது. என் மனைவி இதே தெருவுக்கு அடுத்த தெருவில் பனையோலைக் கடகம் முடையப் பழகுகிறாள். அவள் முகத்திலும் அந்தத் தெளிவைப் பார்க்கிறேன். ஆனால் பொழுதுபோக்கு என்ற இடத்திலேயே நாம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஊருக்கு வந்த இரண்டாம் வருடக் கோடையில் எங்கள் குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தது. என்னுடையது செவல் மண். தண்ணீர் நிற்காது. வண்டல் அடித்தால் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள், நம் இதழிலும் படித்திருந்தேன். ஜேசிபியும் டிராக்டரும் பேசி 30 லோடு அடித்தேன். எந்த இடத்தில் எடுப்பது என்று ஓட்டுநர் கேட்டார். கரையோரம், மடைக்குப் பக்கத்தில் ஆழமான இடத்தில், கறுப்பாக, வெண்ணெய் மாதிரி மண் இருந்தது. பார்த்தாலே சத்தாகத் தெரிந்தது. "இங்கனயே அள்ளுங்க" என்றேன்.

சக்கரத்தில் உட்கார ஆரம்பித்து நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், அண்ணாச்சி மண் வாங்குகிற கணக்கைப் பேச்சுவாக்கில் சொன்னார். தனியார் நிலத்திலிருந்து லோடு 1,500 ரூபாய்க்கு வாங்குகிறாராம். நம்ம குளத்தில் எடுக்கலாமே, எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க அப்பா காலத்துல இருந்து மடைக்குக் கிழக்க உள்ள மண்ணுதான் சார் நாங்க எடுக்கது. அதத்தான் போன கோடைல நீங்க மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டிய."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் மிதித்துக்கொண்டிருந்த மண்ணிலேயே நின்றேன்.

விஷயம் இதுதான். குளத்துக்குள் தண்ணீர் வந்து விழுகிற பக்கம் மணலும் கனமான மண்ணும் முதலில் தங்கிவிடும். மெல்லிய களி தண்ணீரோடு மிதந்து போய், கடைசியில் கரையோரம் ஆழத்தில்தான் படியும். நடுவில் படிகிற வண்டல்தான் வயலுக்கு ஏற்றது. கரையோரக் களி பானைக்கு ஏற்றது. நமக்கு எல்லாம் 'குளத்து மண்' என்று ஒரே பெயர். அண்ணாச்சிக்கு அது நாலைந்து வகை. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் அள்ளிக்கொண்டு போன களி என் நிலத்துக்காவது உதவியதா என்றால், அதுவும் இல்லை. செவலில் கொஞ்சம் கலந்திருந்தால் ஈரம் பிடித்திருக்கும். நான் போட்ட அளவுக்கு அது வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, உழவில் கட்டி கட்டியாகப் புரண்டது. இரண்டு மழைக்காலம் ஆனது அது ஒருவழியாகக் கரைய. அவருக்குப் பானையும் போச்சு, எனக்குப் பயிரும் போச்சு.

இதில் வருத்தமான வேடிக்கை, சட்டம் அவரை மறக்கவில்லை என்பது. 2024-ல் தமிழக அரசு, ஏரி, குளங்களில் களிமண்ணும் வண்டலும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கியபோது, விவசாயத்தோடு மண்பாண்டத் தொழிலையும் சேர்த்தே சொன்னது. காகிதத்தில் உழவரும் வேளாரும் ஒரே வரியில் இருக்கிறார்கள். ஆனால் ஜேசிபிக்கு வாடகை கொடுக்க முடிகிறவர் யார்? முதலில் குளத்தில் இறங்குகிறவர் யார்? நாம்தான். அவர் சைக்கிளும் சாக்குமாகப் போகும்போது அங்கே பள்ளம்தான் இருக்கிறது.

இதைவிடப் பழைய தப்பு ஒன்றும் உண்டு. 1991-ல் வேறொரு மாவட்டத்தில் கிராமக் கிளை ஒன்றில் கள அலுவலராக இருந்தேன். 4 சதவீத வட்டிக் கடனில் 5,000 ரூபாய் கேட்டு ஒரு வேளார் வந்தார். சூளைக்கு மேல் கொட்டகை போட வேண்டும் என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்தில் வருமானம் இல்லாத தொழில், திருப்பிச் செலுத்தும் திறன் ஐயம்" என்று எழுதி நிராகரிக்கப் பரிந்துரைத்தேன். மழையில் வேலை நிற்கக் கூடாது என்பதற்குத்தானே அந்த மனுஷன் கொட்டகையே கேட்டார்! அது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஐப்பசியில் அண்ணாச்சியின் சூளை நனைந்து, அரைகுறையாக வெந்த பானைகளை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒதுக்கியதைப் பார்த்த அன்றுதான், 30 வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

வங்கிப் புத்தி போகாது. அண்ணாச்சியோடு உட்கார்ந்து ஒரு சூளைக் கணக்கைப் போட்டேன். 200 பானை அடுக்கினால் 20 வெடிப்பு, கீறல் என்று போய்விடும். மிச்சம் 180. வியாபாரி வந்து எடுக்கிற விலை 60 ரூபாய். ஆக 10,800. அதில் விறகு, தென்னை மட்டை, வைக்கோலுக்கு 3,000, மண்ணுக்கு 1,500 போனால் கையில் 6,300. கணவன் மனைவி இரண்டு பேர் 14 நாள் உழைப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய். எங்கள் பக்கம் களை எடுக்க அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்காது. அதே பானையை, மேலே பெயின்ட் அடித்து, நகரத்துச் சந்தை ஒன்றில் 400 ரூபாய் என்று போட்டிருந்ததை நானே பார்த்தேன். பெயின்ட் அடித்த பானை மூச்சு விடாது. தண்ணீர் குளிராது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் நம் இயக்கம் எங்கே இருக்கிறது? நம் தோட்டங்களை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பஞ்சகவ்யாவுக்கு நீல பிளாஸ்டிக் டிரம். மீன் அமிலத்துக்கு பிளாஸ்டிக் வாளி. விதைக்கு பிளாஸ்டிக் டப்பா. நாற்றுக்குக் கறுப்புப் பை. சந்தையில் 'ரசாயனம் இல்லாதது' என்று பலகை வைத்து, பக்கத்திலேயே பிளாஸ்டிக் கூடையில் கத்தரிக்காய். என் தோட்டத்திலும் ஐந்து நீல டிரம் இருந்தது, இப்போதும் இரண்டு இருக்கிறது. பெரிய அளவுக்கு டிரம்தான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 50 லிட்டருக்குள் செய்கிற எதற்கும் மண்தாழி போதும். வெயிலில் உள்ளே அவ்வளவாகச் சூடேறுவதில்லை.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழாய்வு செய்தபோது, ஒரு ஈமச்சின்னத்தில் நான்கு கால் வைத்த மண் ஜாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் காலம் பொ.ஆ.மு. 490 என்று வந்தது. 2,500 வருடத்து நெல்லை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வேளாரின் ஜாடி. நெல்லை யார் விளைத்தார்கள் என்று பேசுகிற நாம், அந்த ஜாடியை யார் வனைந்தார்கள் என்று பேசுவதில்லை.

நான் பழகினதில் எனக்குக் கிடைத்த பலன் அகல் விளக்கு அல்ல. என்ன பானை கேட்பது என்று தெரிந்ததுதான். ஒரு உதாரணம். பானைப் பாசனம் பற்றி நாம் எல்லாரும் பேசுகிறோம். செடிக்குப் பக்கத்தில் பானையைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பினால், கசிந்து கசிந்து வேருக்குப் போகும். நான் முதலில் கடையில் 20 பானை வாங்கிப் புதைத்தேன். பாதி கசியவே இல்லை. பானைப் பாசனம் சும்மா பேச்சு என்று முடிவு கட்டியிருந்தேன். அண்ணாச்சி ஒரு பானையைத் தோண்டி எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சோறு பொங்குத பானைல்லா. நல்லா வெந்து இறுகிட்டு. மேல பூச்சு வேற போட்டிருக்கு. கசியணும்னா மணலு கூடச் சேத்து, சூடு கம்மியா வேக வைக்கணும்" என்றார். அப்படியே 10 லிட்டர் அளவில் 40 பானை செய்து தந்தார். சுரைக்கும் பீர்க்கனுக்கும் வைத்தேன். என் நிலத்தில் கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். உப்புத் தண்ணீராக இருந்தால் நாளடைவில் துளை அடைத்துக்கொள்ளும், அதையும் அவரே சொல்லித்தான் விட்டார். விலை அவர் 60 என்றார், நான் 100 கொடுத்தேன். தர்மம் இல்லை. மேலே போட்ட கணக்கில் 60-க்குப் பதில் 100 என்று வையுங்கள், நாள் கூலி 480 ரூபாய்க்குமேல் வரும். மனுஷன் தொழிலில் நிற்கலாம்.

நம் ஆட்கள் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "தற்சார்பு சார்! நமக்கு வேண்டியதை நாமே செஞ்சுக்கணும். பானை, கூடை, சோப்பு எல்லாம்." அதைக் கேட்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வீடு எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்துகொள்வதா தற்சார்பு? எந்த ஊரும் அப்படி இருந்ததில்லை. உழுதவர் வனையவில்லை, வனைந்தவர் உழவில்லை. களத்தில் நெல் அளந்து கொடுத்து வாங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் சாதியும் அவமானமும் இருந்தன. வேளாரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியதும் அதே ஏற்பாடுதான். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். காசைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து வாங்குவோம். ஆனால் தற்சார்பு என்பது ஊருக்குத்தான் பொருந்தும், ஒரு வீட்டுக்குப் பொருந்தாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜே.சி. குமரப்பா என்னைப் போலவே கணக்குப் படித்த ஆள். காந்தியோடு சேர்ந்து 1934-ல் கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டியபோது, அவர் கிராமத்தைத்தான் ஒரு அலகாக வைத்துக் கணக்குப் போட்டார்.

அதனால் பயிற்சி வைக்கிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. வேளாரைக் கூட்டத்துக்கு அழைத்து, பந்தலில் உட்கார வைத்து, பிள்ளைகள் படம் எடுத்த பிறகு ஒரு துண்டு போர்த்தி அனுப்பாதீர்கள். அவர் தெருவுக்கு நாம் போவோம். மண் எடுக்கிற இடத்திலிருந்து சூளை பிரிக்கிற வரை இருப்போம். ஒரு நாள் போதாது. மற்ற பயிற்றுநர்களுக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியத்தை, அவர் கேட்காமலே, கையில் கொடுப்போம். திரும்பும்போது ஒவ்வொருவரும் தன் தோட்டத்துக்கு வேண்டிய அளவைச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வருவோம். விதைப்பானை இத்தனை, தாழி இத்தனை, பாசனப் பானை இத்தனை என்று. தையிலிருந்து ஆனி வரைக்கும் ஆர்டர் கையில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டிவிடுவார்.

அண்ணாச்சியின் பேரன் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன், தாத்தாவின் சக்கரத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சிரித்தான். "உங்களுக்கு பென்ஷன் வருது சார், நீங்க பழகலாம்" என்றான். நறுக்கென்றுதான் சொன்னான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. பாசனப் பானை ஆர்டர் எழுதி வைத்திருந்த நோட்டை மட்டும் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் எங்கள் குளத்தில் மறுபடியும் மண் எடுப்பார்கள். எங்கள் குழு விவசாயிகள் ஏழு பேரும் மூன்று வேளார் வீட்டாரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதியிருக்கிறோம். வண்டல் எங்கே, களி எங்கே என்று வரைபடம் போட்டு, மடைக்குக் கிழக்கே ஜேசிபி இறங்கக் கூடாது, அந்த இடம் வேளாருக்கு என்று. போன செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி குளத்துக்குள் இறங்கி, அங்கங்கே ஒரு பிடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "இங்க வரைக்கும்" என்று காட்டிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போய்க் குச்சி நட்டேன். மொத்தம் 11 குச்சி. மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.